தெரிந்த கறை

எங்கள் ஆய்வகத்தின் ரத்தப் பிரிவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. நான் ஏ. எதிர் மேசையில் இருந்தவன் பி. வழக்குப் பொருட்களின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர் ஓ. இதை யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று தெரியாது. நான் வேலையில் சேர்ந்தபோதே இப்படித்தான் இருந்தது.

காரணம் எளிதானது. ஒரு துணியில் இருக்கும் கறை எந்த வகை ரத்தம் என்று பார்க்க வேண்டுமானால், வகை தெரிந்த இன்னொரு கறையையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். தெரிந்தது சரியாக வந்தால்தான் தெரியாததை நம்பலாம். தெரிந்த கறையைக் கடையில் வாங்க முடியாது. நாங்களே விரலில் குத்தி, வெளுத்த துணியில் சொட்டவிட்டுக் காயவைத்து உறையில் போட்டு வைப்போம். ஏ கறை என்னுடையது. பி கறை அவனுடையது. ஓ கறைக்குக் கிடங்குக்காரரைப் பிடிப்போம். அவர் விரலை நீட்டும்போதெல்லாம் ஒன்றையேதான் சொல்வார்.

"நான் யாருக்கு வேணா கொடுக்கலாம். எனக்குன்னு ஒருத்தனும் கொடுக்க மாட்டான். பொறப்பே அப்படி."

துணியை வீட்டிலிருந்து நான் கொண்டுவருவேன். பழைய படுக்கை விரிப்பு. நானும் தங்கையும் சின்ன வயதில் படுத்துத் தூங்கியது. சோப்பு வாசம் போக நன்றாக வேகவைத்து, சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கி வைத்திருந்தேன்.

பி வேலைக்கு வந்தபோது தற்காலிகப் பணியாளன். என்னைவிடச் சின்னவன். கையில் நடுக்கமே இல்லாதவன், நூலிழையை ஊசிமுனையில் பிரித்தெடுப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரன். "ஏயும் பியும் ஒரே மேசையில உக்காந்தா கட்டி தட்டிடும்" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. வேலை முடிந்து சில நாட்கள் என்னோடு வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவான். எனக்காக வரவில்லை என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. தங்கையும் அவன் வருகிற நாளில் தலையைக் கொஞ்சம் கவனமாக வாரிக்கொள்வாள். ஒருநாள் அவனே சுற்றி வளைத்து ஆரம்பித்தான். "முதல்ல வேலை நிரந்தரம் ஆகட்டும். அப்புறம் பேசலாம்" என்றேன். அப்பா இல்லாத வீடு. மூத்தவள் என்பதால் நான்தான் அப்படிப் பேச வேண்டியிருந்தது.

அந்த வருடமே நிரந்தரம் ஆயிற்று. பெரிய வழக்கு ஒன்றில் அவன் கொடுத்த அறிக்கையை நீதிபதியே பாராட்டியிருந்தார். ரொட்டிக்கடை வழக்கு. கடையை நடத்திய அம்மாளைக் கொன்றதாக அங்கே வேலை பார்த்த ரொட்டிக்காரர் பிடிபட்டிருந்தார். அவருடைய வெள்ளை மேலங்கியின் வலது கை மடிப்பில் ரத்தம். என் கையில் பிளேடு பட்ட ரத்தம் அது என்றார் அவர். அவர் வகை ஓ. இறந்த அம்மாள் ஏ. மேலங்கியில் இருந்தது ஏ என்று பி எழுதினான். ரொட்டிக்காரருக்கு ஆயுள் தண்டனை. பிக்கும் தங்கைக்கும் கல்யாணம். இரண்டையும் நான் ஒருபோதும் சேர்த்து நினைத்ததில்லை.

இப்போது அவன் துணை இயக்குநர். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை. நான் "நீங்க" என்று பேசப் பழகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மேசையும் மாறிவிட்டது. விரலில் குத்துவதில்லை. ரத்த வகையை டி.என்.ஏ. மூலம் கண்டுபிடிக்கும் முறையை எங்கள் ஆய்வகத்தில் நிறுவியது நான்.

பழைய முறையில் ரத்த அணுவின் மேல் இருக்கும் அடையாளத்தைத் தேடுவோம். கறை மக்கிப்போனால் அது அழிந்துவிடும். பூஞ்சை பிடித்தால் இல்லாத அடையாளம்கூட வந்து நிற்கும். புதிய முறையில், அந்த அடையாளத்தை உண்டாக்குகிற மரபணுவையே படிக்கிறோம். அதில் எல்லோரிடமும் இரண்டு பிரதி இருக்கும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஓ பிரதியில் பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். அந்த ஓர் எழுத்து இல்லாததால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் தப்பாகப் படிக்கப்பட்டு, ஒன்றும் உருவாகாமல் போகிறது. பழைய முறைக்கு நான் வெறும் ஏ. புதிய முறையில் எனக்கு ஓர் ஏ பிரதியும் ஓர் ஓ பிரதியும் இருப்பது தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. என் ஓ பிரதியில் விடுபட்ட எழுத்துக்குச் சற்றுத் தள்ளி வேறோர் எழுத்தும் மாறியிருந்தது. முறையைச் சரிபார்க்க ரத்த வங்கியிலிருந்து நிறைய மாதிரிகள் வாங்கியிருந்தோம். ஒன்றில்கூட அது இல்லை. நான் ஏதோ பெரிய விஷயம்போல பியிடம் காட்டினேன். பார்த்துச் சிரித்தான்.

"ஓடாத கடிகாரத்துல ஒரு முள்ளும் வளைஞ்சிருக்கு. அவ்வளவுதானே அக்கா?"

அவ்வளவுதான். நானும் சிரித்தேன்.

ரொட்டிக்காரரின் வக்கீல் மறு ஆய்வு கேட்டு மனுப் போட்டு, நீதிமன்றம் அனுமதித்திருந்தது. அந்தக் கறையின் வகையை டி.என்.ஏ. முறையில் பார்த்துச் சொல்ல வேண்டும், கேள்வி அவ்வளவுதான். பி உத்தரவை என் மேசைக்கே கொண்டுவந்து கொடுத்தான்.

"நீங்களே பாத்துடுங்க. நான் எழுதினதை நானே பாத்தா நல்லாருக்காது. உங்க கையெழுத்துன்னா ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க."

எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ரொட்டிக்காரரின் மாதிரியை எடுக்கச் சிறைக்கு நான் போனேன். மருத்துவ அறையில் உட்காரவைத்திருந்தார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. வயதைவிட அதிகமாகத் தெரிந்தார். பஞ்சுக் குச்சியைப் பார்த்ததும் சந்தேகத்தோடு கேட்டார்.

"ரத்தம் எடுப்பீங்கன்னுல்ல நினைச்சேன்?"

"கன்னத்துக்கு உள்பக்கம் தேய்ச்சாப் போதும். வாயைத் திறங்க."

திறந்தார். தேய்த்து எடுத்துக் குழாயில் போட்டு மூடினேன்.

"அப்போ இந்தக் குச்சி இல்லையாம்மா?"

"இல்ல."

"மாவு மேல கீறல் போடுற பிளேடு. கையில பட்டுச்சு. அங்கியிலேயே துடைச்சேன். அன்னைக்கே சொன்னேன். உன் ரத்தம் ஓ, இது ஏ-ன்னு ஒரு பேப்பரைப் படிச்சாங்க. அதுக்கு மேல நான் என்ன பேச முடியும், சொல்லுங்க?"

நான் குழாயின் மேல் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"உள்ள வந்து கொஞ்ச வருஷம் கழிச்சு எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. படிச்சவங்க சும்மா சொல்லவா போறாங்க, நாமதான் ஏதோ பண்ணிட்டு மறந்துட்டமோன்னு. ராவெல்லாம் உக்காந்து யோசிப்பேன். கை அறுந்தது நல்லா நினைவிருக்கு. அந்தம்மாவை நான் ஒண்ணும் பண்ணின மாதிரி நினைவில்ல. ஆனா பேப்பர் சொல்லுதே."

"முடிவு வந்ததும் நீதிமன்றத்துக்கு அனுப்பிடுவோம்" என்றேன். அதைவிட அதிகமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஓ, கிடங்கிலிருந்து வழக்குப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "உள்ள ஏதும் எலி பூந்திருந்தா என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முத்திரை உடையாமல் இருந்தது. உள்ளே மடித்த மேலங்கி. அதற்குள் ஒரு காகித மடிப்பு. அதன்மேல் பியின் அழகான கையெழுத்தில், வலது கை மடிப்பு, சோதனைக்குப் பின் மீதி. மீதமாகும் துண்டைப் பொருளோடு சேர்த்துத் திருப்பி வைக்க வேண்டும் என்பது விதி. மடிப்பைப் பிரித்தேன். பழுப்பேறிய சின்னத் துண்டு, நடுவில் கரும்பழுப்புக் கறை.

கறையில் டி.என்.ஏ. தூளாகிப்போயிருந்தது. ஆள் யாரென்று முழுதாகச் சொல்லும் அளவுக்கு ஒன்றும் தேறவில்லை. வகை பார்க்க மிகச் சிறிய துண்டு போதும் என்பதால் அது மட்டும் கிடைத்தது. திரையில் வந்த எழுத்துகளை ஒன்றொன்றாகப் படித்தேன். ஓர் ஏ பிரதி. ஓர் ஓ பிரதி. ஆக, வகை ஏ. பி அன்று எழுதியதேதான். ரொட்டிக்காரரின் கன்னத்திலிருந்து எடுத்தது இரண்டு பிரதியும் ஓ. மனம் கொஞ்சம் கனத்தது. அந்த மனிதரை நான் நம்பத் தொடங்கியிருந்தேன் போலிருக்கிறது.

கறையின் ஓ பிரதியை மேலும் படித்துக்கொண்டே போனேன். விடுபட்ட எழுத்து அதன் இடத்தில் இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி அந்த மாறிய எழுத்து.

முதலில் நான் பயந்தது என் கையைப் பற்றி. என் தோலோ எச்சிலோ எப்படியோ உள்ளே விழுந்துவிட்டது என்று நினைத்தேன். கையுறையும் முகமூடியும் புதிதாக மாட்டிக்கொண்டு, மேசையைக் கழுவித் துடைத்து, புதுக் குழாய்களில் முதலிலிருந்து செய்தேன். அதுவே வந்தது. பக்கத்தில் ரத்தமே இல்லாமல் வைத்திருந்த வெறும் குழாயில் ஒன்றும் வரவில்லை. என் கை சுத்தம்.

இறந்த அம்மாளுக்கும் இதே எழுத்து இருந்திருக்கலாம் என்று அடுத்து நினைத்தேன். அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. அவருடைய மாதிரி எப்போதோ பூஞ்சை தின்று அழிந்துபோயிருந்தது, கேட்க வழியில்லை. எனவே துணியிடம் கேட்டேன். மேலங்கியின் கை மடிப்பில் பி வெட்டியெடுத்த ஓட்டை இருந்தது. துண்டை அதன் பக்கத்தில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். மேலங்கியின் துணி சாய்வாக வரிவரியாக நெய்தது. துண்டு நேர் நெசவு. நேர் நெசவில், சில இழைகளுக்கு ஒருமுறை ஒரு தடித்த இழை ஓடியது. மலிவான விரிப்புகளில் அப்படி ஓடும். காலையில் எழுந்தால் தங்கையின் கன்னத்தில் அந்தத் தடித்த இழையின் கோடு பதிந்திருக்கும். நான் அதைச் சொல்லிச் சிரிப்பேன், அவள் தேய்த்துத் தேய்த்து அழிப்பாள்.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்படியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பக்கத்து மேசைப் பெண் வந்து "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்டாள். "கண்ணு வலிக்குது" என்றேன்.

ஓட்டையின் ஓரத்தில், வெட்டியது போக, கறையின் நிழல்போல ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய முறைக்கு அது போதாது. புதிய முறைக்குப் போதும். சோதித்தேன். இரண்டு பிரதியும் ஓ.

எந்த நாள் அவனுக்கு அந்தக் கறையைக் கொடுத்தேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். முடியவில்லை. எத்தனையோ முறை குத்தியிருக்கிறேன். அவன் "ஏ தீந்துடுச்சு" என்பான், நான் பேச்சை நிறுத்தாமலே இடது கையை நீட்டுவேன்.

அவன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"வாங்க அக்கா. என்ன, முகமே ஒரு மாதிரி இருக்கு?"

நெசவின் படத்தை அவன் முன்னால் வைத்தேன். பக்கத்தில் எழுத்து வரிசை. அந்த ஓர் எழுத்தைச் சுற்றி நான் வட்டம்கூடப் போடவில்லை. அவன் கண் தானாகவே அங்கே போய் நின்றது.

"பி" என்றேன். அந்தப் பெயரில் அவனைக் கூப்பிட்டு எத்தனையோ வருடம். "இது யாரோட ரத்தம்?"

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அவன் படத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். இல்லவே இல்லை என்று மறுப்பான், நான் மேலும் மேலும் நிரூபிக்க வேண்டியிருக்கும் என்று தயாராகிப் போயிருந்தேன்.

"இது இவ்வளவு வருஷத்துக்கு நிக்கும்னு நினைக்கல" என்றான்.

"என்ன வந்துச்சு அன்னைக்கு?"

"ஓ. திரும்பத் திரும்பப் பண்ணினேன். ஓ-தான். துண்டே தீந்துபோச்சு. வழக்கைப் பாத்த போலீஸ் அதிகாரி எதிர்லயே உக்காந்திருந்தாரு. ஆள் இவன்தான் தம்பி, சந்தேகமே இல்ல, பேப்பர் மட்டும்தான் பாக்கின்னு சொல்லிட்டே இருந்தாரு. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்னு சொன்னாங்க அக்கா. நான் மட்டும் என்ன புதுசாச் சொல்றது?"

"பொய்யா எழுதணும்னா எழுதிட்டுப் போயிருக்கலாமே. என் ரத்தம் எதுக்கு?"

அவன் இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"பாக்காம எழுத மனசு வரல. கண்ணால ஏ-ன்னு பாத்துட்டு எழுதினா எழுத முடியும்னு தோணுச்சு. உங்க துண்டை வெச்சுப் பண்ணினேன். ஏ-ன்னு வந்துச்சு. எழுதிட்டேன்."

அதைச் சொன்னபோது அவன் குரலில் ஒரு நேர்மைகூட இருந்தது. எனக்கு அவனை நன்றாகத் தெரியும் என்பதால் அது உண்மை என்றும் தெரிந்தது. எங்கள் மேசையில் பழகியவனைத் தவிர வேறு யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது.

"இந்த வேலையை ஏன் என்கிட்டயே கொடுத்தே?"

"ஏ-ன்னுதானே வரும்னு நினைச்சேன். ஏ-ன்னுதானே வந்திருக்கு?" மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "கேள்வி என்னக்கா? அந்தத் துண்டுல இருக்கறது என்ன வகை. பதில் ஏ. இதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா? நெசவைப் பத்தி யாராவது கேட்டாங்களா? எழுத்தைப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

"அந்தாளு தன்னையே சந்தேகப்பட்டுட்டு உள்ள உக்காந்திருக்காரு."

"நீங்க பேசினா உங்க தங்கச்சி தெருவுல நிப்பா."

நான் எழுந்தேன். கதவுப் பக்கம் போனபோது பின்னாலிருந்து சொன்னான்.

"நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் பேசலாம்னு சொன்னது நீங்கதானே."

முதலில் என் ரத்தத்தை எடுத்திருந்தான். இப்போது கையெழுத்தை எடுக்கப் பார்த்தான். இவை இரண்டையும்விட அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலை தங்கை வீட்டுக்குப் போனேன். அவன் வருவதற்குள் அவளிடம் நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் யோசனை. அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் வகுப்புக்குப் போயிருந்தாள். ரொட்டிக்கடை வழக்கு என்று நான் ஆரம்பித்த உடனே அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அந்த வேகத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"பாப்பா கைக்குழந்தையா இருந்தப்போ. அவர் தூங்கவே மாட்டாரு. ஒரு நாள் உக்காந்து எல்லாத்தையும் சொன்னாரு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நல்லாத் தூங்கினாரு."

குக்கரில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"வாரா வாரம் இங்க வந்து உக்காந்து சாப்பிட்டேனேடி. ஒரு தடவகூட உனக்குச் சொல்லணும்னு தோணலயா?"

"தோணும். நீ செருப்பைப் போட்டுட்டு இறங்கினதும் போயிடும்."

அவள் அழுதிருந்தால் நான் அவளைத் திட்டியிருப்பேன், அது எங்களுக்குப் பழக்கமானது. அவள் அழவில்லை. நறுக்கிய காயை ஒரு பக்கமாக ஒதுக்கி, பலகையைத் துடைத்து, மறுபடி துடைத்தாள்.

"அவர் அடிக்கடி ஒண்ணு சொல்வாருக்கா. அன்னைக்கு உன்கிட்டயே கேட்டிருந்தா, எனக்காக நீ சரின்னுதான் சொல்லியிருப்பியாம்."

மாட்டேன் என்று உடனே சொல்லியிருக்கலாம். அந்த வயதில் இருந்த என்னை நினைத்துப் பார்த்தேன். அப்பா போன வீடு. கல்யாண வயதில் ஒரு தங்கை. எல்லோரும் இவன்தான் குற்றவாளி என்று சொல்கிற ஒருவன். பதில் வருவதற்கு நேரமாயிற்று. அவள் அந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மாட்டேன்" என்றேன்.

"சரி" என்றாள்.

மறுநாள் காலை இயக்குநரைப் பார்த்தேன். இந்த வழக்கில் நான் ஆய்வாளராக இருக்க முடியாது, கறையில் இருப்பது என் ரத்தம், வேறு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "ரெண்டு நாள் யோசிச்சுட்டுக் கொடுங்களேன்" என்றார். "யோசிச்சுட்டேன் சார்" என்றேன். பக்கத்தில் நின்ற ஓ என்னையே பார்த்தார். அவர் வாயிலிருந்து ஒரு கேலியும் வராத நாள் அது ஒன்றுதான்.

வேறு ஆய்வகம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தது. மேலங்கியின் ஓட்டை ஓரத்தில் இருந்தது ஓ. காகித மடிப்பில் இருந்த துண்டு மேலங்கியைச் சேர்ந்ததல்ல. அதிலிருந்த மாறிய எழுத்தும், வேறு இடங்களில் அவர்களால் எடுக்க முடிந்த சிறு துணுக்குகளும் என்னோடு ஒத்துப்போயின. ரொட்டிக்காரரை விட்டுவிட்டார்கள். வக்கீல் போனில் சொன்னார். ரொட்டிக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. எங்க போறதுன்னுதான் கேட்டாரு" என்றார்.

பிறகு துறை விசாரணை. நீளமான மேசை, அந்தப் பக்கம் அதிகாரிகள், இந்தப் பக்கம் சுவரோரம் நாங்கள். பி பணியிடை நீக்கத்தில் இருந்தான். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கறையை மாற்றியதை ஒப்புக்கொண்டான். ஆய்வகத்தில் சொல்லும்போது இருந்த அதே நிதானம். நூலிழையைப் பிரிப்பதுபோலவே பேசினான்.

"யாருக்கும் தெரியாமல் எடுத்தீர்களா?" என்று கேட்டார்கள்.

"இல்லை. ஏ அக்காவிடம் கேட்டேன். எதற்கு என்று சொல்லித்தான் கேட்டேன். அவர்களே குத்திக் கொடுத்தார்கள்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. குற்றத்தில் பாதியை என் மேசைக்குத் தள்ளிவிட்டால் தண்டனையும் பாதியாகும் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். அவனுக்கே தோன்றியிருக்கவும் கூடும்.

"இதற்குச் சாட்சி?"

தங்கையைக் கூப்பிட்டார்கள். அவள் வரப்போகிறாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"உங்கள் கணவர் இதைப் பற்றி முதலில் உங்களிடம் சொன்னபோது, உங்கள் அக்காவுக்குத் தெரியும் என்று சொன்னாரா?"

அவள் கையிலிருந்த கைக்குட்டையை விரித்தாள், மடித்தாள்.

"சொன்னாரு" என்றாள். "அக்காவுக்கும் தெரியும்னு சொன்னாரு."

"அவர்கள் சம்மதித்தார்கள் என்றா?"

"ஆமா. எனக்காக."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

வாழ்நாள் முழுதும் நான் நம்பியது ஒன்றைத்தான். கையில் எடுத்துக் காட்ட முடிந்தால் போதும், மற்றவர்கள் என்ன பேசினாலும் நிற்கும். அந்தத் துண்டு அங்கே மேசைமேல் கண்ணாடி உறைக்குள் இருந்தது. அது யாருடைய ரத்தம் என்று எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் சொல்லிவிடுவார்கள். எதற்கென்று தெரிந்து கொடுத்தேனா தெரியாமல் கொடுத்தேனா என்று சொல்ல ஒரு முறையும் இல்லை. என்னிடம் இருந்தது என் வாய் மட்டும். அவர்களிடமும் அதுதான், ஆனால் அவர்கள் இரண்டு பேர்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "வகை பார்க்கத்தான் கொடுத்தேன்."

"அதற்கு ஆதாரம் ஏதாவது?"

"இல்லை."

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

"இல்லை."

அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து மூடியைப் பேனாவில் செருகினார். பிறகு உத்தரவு வரும்வரை நானும் ஆய்வகத்துக்கு வர வேண்டாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

நடைபாதையில் பெஞ்சு போட்டிருந்தது. உடனே நடக்க முடியும் என்று தோன்றாததால் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தங்கை வெளியே வந்தாள். பி உள்ளே எதிலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான் போலும். என்னைக் கடந்து இரண்டடி போனவள் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. என்னவோ சொல்லப்போகிறாள் என்று இருந்தேன்.

"சாப்பிட்டியாக்கா?" என்றாள்.

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல" என்றேன்.

பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். கதவு திறந்து அவன் வெளியே வரும்வரை இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்ததும் அவள் எழுந்து அவனோடு போனாள்.